சூட்டில் உறையும் கூழ்: பலன் யாருக்கு?

ஜலகண்டாபுரம் சாயப்பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. காஸ்டிக் சோடா கரைக்கும்போது தெறித்துவிட்டதாம். பட்டறையில் கண் கழுவ ஒரு குழாய்கூடக் கிடையாது. தண்ணீரைத் தேடி ஓடுவதற்குள் கண் வெந்துவிட்டது.

“செத்தவங்க கண்ணை எடுத்து வெச்சா பார்வை வந்துடுங்களா, தோழர்?” என்று கேட்டார்.

அது மட்டும் போதாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். காரணம் இதுதான்: கருவிழியின் மேல்தோல் தேயத் தேயப் புதிதாக முளைக்கிறது. அதை முளைக்கவைக்கும் மூல உயிரணுக்கள் கருவிழியின் ஓரத்தில், வரப்பில் புல் வேர்போல இருக்கின்றன. சுண்ணாம்பும் காஸ்டிக்கும் அந்த வேரையே பொசுக்கிவிடுகின்றன. வேர் செத்த நிலத்தில் நாற்று நட்டால் பிடிக்குமா? முதலில் வேரை வளர்க்க வேண்டும். எதில் வைத்து வளர்ப்பது?

இங்கேதான் விஞ்ஞானம் ஒரு விந்தையான பொருளைக் கொண்டுவந்திருக்கிறது. தேங்காயெண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும், வெயிலில் இளகும். இந்தப் பொருளோ நேர்மாறு! குளிரவைத்தால் தண்ணீராக ஓடும். உடம்புச் சூட்டில் கூழாக உறையும். மறுபடி குளிரவைத்தால் மறுபடி நீராகும். இதுவும் பாலிமர்தான். நம் மில் தோழர்கள் தினம் கையாளும் நைலான், பாலியெஸ்டர் நூல்களைப்போல, சின்னச் சின்னக் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. குளிரில் அந்தச் சங்கிலி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறது. சூடு ஏறினால் தண்ணீரை விட்டுவிட்டு, சங்கிலியும் சங்கிலியும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன.

ஜப்பானிய விஞ்ஞானி யூய்ச்சி மோரி குழுவினர் உருவாக்கிய ‘மெபியால்’ என்ற கூழ் இந்த வகையைச் சேர்ந்தது. சென்னை சங்கர நேத்ராலயா ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கூழில் மனிதக் கருவிழியின் மூல உயிரணுக்களை வளர்த்துக் காட்டி 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வளர்ந்த பயிரை எடுக்கக் கூழைக் குளிரவைத்தால் போதும். அப்படி வளர்த்த அணுக்களை முயல்களின் கண்ணில் வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2009-ல் வந்தது.

இந்தக் கூழ் குளிர்ந்தால் இளகுமே தவிர, உடம்பில் கரைந்து மறையாது. உடம்புக்குள்ளேயே விட்டுவிடுவதற்கு, வேலை முடிந்ததும் தானே சிதைந்து போகும் சங்கிலி தேவை. அதற்கும் வழி உண்டு. ஆபரேஷனில் போடும் கரையும் தையல் நூலை நம் பெண்கள் அறிவார்கள். அதேபோலக் கரையும் ஒரு சங்கிலியை லாக்டிக் அமிலத்திலிருந்து செய்கிறார்கள். தயிரைப் புளிக்கவைக்கும் அதே அமிலம்தான். மாவுச்சத்தை நொதிக்கவைத்து அதை எடுக்கலாம். சேலம், நாமக்கல் காடுகளில் நம் விவசாயத் தொழிலாளர்கள் பிடுங்கும் மரவள்ளிக் கிழங்கிலும் அந்த மாவுச்சத்துத்தானே இருக்கிறது!

இத்தகைய சங்கிலியைக் கொண்டு, உடம்புச் சூட்டில் உறைந்து பிறகு கரைந்து மறையும் கூழை அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 1997-ல் அறிவித்தார்கள். மருந்தை அதில் கலந்து ஊசியில் ஏற்றினால் தோலுக்கடியில் உறைந்து, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். தினமும் போடவேண்டிய ஊசியைப் பல நாளுக்கு ஒருமுறை போட்டால் போதும் என்ற நிலை வரும். சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வர ஒருநாள் கூலியை இழக்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய காரியம்!

ஆனால் இது நம் உடம்புக்கு வந்து சேருமா? பழைய கணக்கைப் புரட்டிப் பார்ப்போம்.

இருதயக் குழாயில் அடைப்பு நீக்கவைக்கும் ‘ஸ்டென்ட்’ என்ற சல்லடைக் குழல் இந்நாட்டில் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டி விற்றது. இடையிலிருந்தவர்கள் எல்லாரும் லாபத்தை அள்ளினார்கள். டில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போன பிறகு, 2017 பிப்ரவரியில் சர்க்கார் உச்சவிலை கட்டியது: வெறும் உலோகக் குழலுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கும், கரையும் பாலிமர் குழலுக்கும் 29,600 ரூபாய். ஒரே உத்தரவில் விலை பாதாளத்துக்கு இறங்கியது! அப்படியானால் அதுவரை கொடுத்த பணம் எதற்கான விலை? நோயாளியின் உயிர்ப் பயத்துக்கான விலை. இன்னொன்றும் கவனியுங்கள். ‘புதுமை’ என்று அதிக விலை சொல்லி விற்கப்பட்ட ஒரு கரையும் குழலில், உலோகக் குழலைவிட அதிகமாக ரத்தம் உறைவதாகச் சோதனைகள் காட்டின. அதே 2017-ல் கம்பெனி அதன் விற்பனையை உலகெங்கும் நிறுத்தியது. புதிது என்பதாலேயே எதுவும் நல்லதாகிவிடாது.

“லாபம் இல்லாவிட்டால் யார் கண்டுபிடிப்பார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. திருவனந்தபுரம் போய்ப் பாருங்கள். அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் மத்திய சர்க்கார் நிறுவனம். டாக்டர் வலியத்தான் தலைமையில் அங்கே இருதய வால்வு ஒன்றை உருவாக்கினார்கள். முதல் மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது வென்றது, 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெஞ்சில் அந்த வால்வு துடிக்கிறது, அதுவும் இறக்குமதி வால்வைவிடக் குறைந்த விலையில். மூன்று தோல்விகளைத் தாங்கியது யார் பணம்? நம் வரிப்பணம்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். சூட்டில் உறையும் கூழுக்கும் கரையும் பாலிமருக்கும் பொது ஆராய்ச்சிக்கூடங்களில் தாராளமாகப் பணம் ஒதுக்கு. பொதுத்துறையில் உற்பத்தி செய். சந்தைக்கு வரும் நாளிலேயே உச்சவிலையைக் கட்டு. மக்கள் ஏமாந்த பிறகு அல்ல. சிகிச்சை சென்னையோடு நிற்காமல் சேலம் பெரியாஸ்பத்திரிக்கும் வரட்டும்.

அதற்கு முன் நம் கையிலேயே ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு சாயப்பட்டறையிலும் கண் கழுவும் குழாயும் கண்ணாடியும் கேட்டு வாங்குவோம். காஸ்டிக் தெறித்தால் அந்த நொடியே நல்ல தண்ணீரில் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். அதன் பிறகே ஆஸ்பத்திரி. வேரைக் காப்பாற்றினால் வேறு வைத்தியமே தேவைப்படாமல் போகலாம்.

அந்தத் தோழரின் இடது கண்ணுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவருடைய வலது கண்ணுக்கும், பக்கத்துத் தொட்டியில் நிற்பவரின் இரண்டு கண்களுக்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும்.