கராத்தே மெடல் யார் செயல்?

நீலகிரி ஜில்லாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து ஒரு பெண் வெளிநாட்டுக் கராத்தே பந்தயத்திற்குப் போய் ஒரு மெடலுடன் திரும்பி வந்தால், நம் மக்கள் என்ன செய்வார்கள் என்பது யாரும் யூகிக்கக் கூடியதேயாகும். முதலாவது, அப்பெண்ணைக் கோவிலுக்கோ, சர்ச்சுக்கோ, மசூதிக்கோ அழைத்துக்கொண்டு போய் நன்றி செலுத்தச் செய்வார்கள். இரண்டாவது, ஜாதிச் சங்கத்தார் வந்து "எங்கள் குலத்துப் பெண்" என்று மாலை போடுவார்கள். மூன்றாவது, பழம்பெருமைக்காரர்கள் மேடையேறி, "கராத்தேயே நமது காஞ்சிபுரத்துப் போதிதருமர் கொடுத்த பிச்சைதானே, அது நம் ரத்தத்தில் ஊறியது" என்று பிரசங்கம் புரிவார்கள். ஆனால் அப்பெண் விடியற்காலைப் பனியில் எழுந்து வருஷக்கணக்காய்ப் பழகியதற்கும், கொழுந்து பறித்த கூலியில் அவள் தாய் பந்தயக் கட்டணம் கட்டியதற்கும் மாலை போட ஒருவரும் வரமாட்டார்கள்.

போதிதருமர் கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். அவர் இருந்ததாகச் சொல்லப்படும் காலம் 5, 6-ஆம் நூற்றாண்டு. அவர் பெயரை ஷாவோலின் மடத்துத் தேகப்பயிற்சியோடு முடிச்சுப் போட்ட சீனப் புத்தகம் கிளம்பியதோ 17-ஆம் நூற்றாண்டில். ஆயிரம் வருஷத்திற்குப் பின் வந்த சாட்சியை எந்தக் கோர்ட்டாவது ஒப்புக்கொள்ளுமா? ஆனால் 2011-இல் "ஏழாம் அறிவு" என்ற சினிமா வந்ததும் நம்மவர்களுக்கு அது வேதவாக்காகி விட்டது. கராத்தேயின் சரித்திரம் அப்படி மூடுமந்திரமானதல்ல. ஒகினாவா தீவில் உள்ளூர்ச் சண்டைமுறையும் சீன முறையும் கலந்து உண்டானது அது. 20-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இதோசு அங்கோ என்பவர் அதை அத்தீவின் பள்ளிக்கூடங்களில் புகுத்தினார். 1922-இல் புனாகோஷி கிச்சின் என்கின்ற ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர் டோக்கியோவில் அதைச் செய்து காட்டினார். "ரத்தத்தில் ஊறியது" என்பது உண்மையானால், 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது இந்தியாவிலிருந்து ஒருவர்கூட அதற்குத் தகுதி பெறாத காரணம் என்ன? போதிதருமர் ரத்தம் அன்று லீவு வாங்கிக்கொண்டதா?

நிற்க, கடவுள் செயல் என்பதைப் பார்ப்போம். அதே ஒலிம்பிக்கில் எகிப்து தேசத்துப் பெரியால் அப்துல் அஸீஸ் என்ற 22 வயதுப் பெண், 61 கிலோவிற்கு மேற்பட்டோர் பிரிவில் தங்கம் பெற்றார். ஒலிம்பிக்கில் தங்கம் பெற்ற முதல் எகிப்தியப் பெண் அவரே. "கதா" என்னும் தனிப்பயிற்சிப் பிரிவில் கிறிஸ்தவர் மிகுந்த ஸ்பெயினின் சாந்திரா சாஞ்செஸ் 39-ஆம் வயதிலும், ஒகினாவாவின் கியுனா ரியோவும் தங்கம் பெற்றார்கள். ஒரே மண்டபத்தில் இத்தனை மதத்துக் கடவுள்களும் பங்கு போட்டுக்கொண்டார்கள் போலும்! இன்னும் கேளுங்கள். 75 கிலோவிற்கு மேற்பட்ட ஆண்களின் கடைசிச் சண்டையில் சவூதி அரேபியாவின் தாரிக் ஹமீதியும் ஈரானின் சஜ்ஜாத் கஞ்ஜ்ஸாதேயும் எதிர்த்து நின்றனர். முன்னணியில் இருந்த சவூதிக்காரர் விட்ட உதையில் ஈரானியர் நினைவிழந்து விழுந்தார். அளவு மீறி அடித்தது குற்றமென்று உதைத்தவரைத் தள்ளிவிட்டு, விழுந்தவருக்கே தங்கம் கொடுத்தார்கள். இரண்டு தேசமும் வணங்குவது ஒரே ஆண்டவனைத்தான். தீர்ப்புச் சொன்னது ஆண்டவனா, விதிப்புத்தகமா?

இவைகளாவது வெறும் வாய்ப்பேச்சு. ஏழைகளின் மடியில் கை வைக்கும் சங்கதி ஒன்று இருக்கின்றது. அதுதான் சர்ட்டிபிகேட் மோகம். கராத்தேயில் பிரிவுகள் பல. பிரிவுக்குப் பிரிவு சங்கங்கள் பல. எந்தச் சங்கமும் பக்கத்துத் தேசத்தார் சிலரை வரவழைத்து ஒரு பந்தயம் நடத்தி அதற்குச் "சர்வதேசம்" என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஒப்புக்கொண்டிருக்கும் உலகக் கராத்தே சம்மேளனமோ ஒன்றுதான். 2020-இல் இந்தியாவின் தேசியக் கராத்தே சங்கமே அச்சம்மேளனத்தின் அங்கீகாரத்தை இழந்தது. பெரியவர்கள் நாற்காலிக்குச் சண்டை போட்டால் நஷ்டமடைவது பிள்ளைகள்தான். போதாக்குறைக்கு, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இல்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டியலிலும் இல்லை. இதைப் பெற்றோரிடம் எத்தனை மாஸ்டர்கள் சொல்லுகிறார்கள்?

கருப்பு பெல்ட் என்பது தாயத்து அல்ல. பழகியவன் இடுப்பில் அது அடையாளம். பழகாதவன் இடுப்பில் அது வெறும் துணி. ஆகவே பெற்றோர்களே! கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ பிள்ளையை அனுப்புமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். பந்தயம் எந்தச் சம்மேளனத்தின்கீழ் நடக்கின்றது? எத்தனை தேசங்கள் வருகின்றன? என் பிள்ளையின் எடைப்பிரிவில் எத்தனை பேர் போட்டியிடுகின்றார்கள்? இந்தச் சர்ட்டிபிகேட்டை அரசாங்கம் காலேஜ் இடத்திற்கும் உத்தியோகத்திற்கும் ஒப்புக்கொள்ளுகின்றதா? யோக்கியமான மாஸ்டர் இக்கேள்விகளுக்குச் சந்தோஷமாகவே பதில் சொல்லுவார். கோபித்துக்கொள்ளுகிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அரசாங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. உதகை விளையாட்டுக்குப் பெயர் போன ஊர்தான். வெள்ளைக்காரர் மேஜையில் பந்து தள்ளும் ஸ்னூக்கருக்கு விதி எழுதி மாட்டியது 1882-இல் ஊட்டி கிளப்பில். குதிரை ஓடுவதற்கென்று ஊரின் மத்தியில் ஐம்பது ஏக்கருக்கு மேல் ஒதுக்கியிருந்தார்கள். குத்தகைப் பாக்கிக்காக 2024-இல்தான் அது அரசாங்கத்தின் கைக்குத் திரும்பிற்று. குதிரைக்கு அத்தனை இடம் கிடைத்த ஜில்லாவில், கூடலூர் மழையில் நனையாமல் பிள்ளைகள் பழகக் கூரையுள்ள கூடமும், தரையில் விரிக்க நல்ல விரிப்பும், சம்பளம் வாங்கும் மாஸ்டரும் தாலுகாவுக்கு ஒன்று வேண்டும் என்று கேட்பது அதிகமா?

அவற்றைச் செய்துவிட்டுப் பிறகு மெடல் வந்தால் யாருக்கு வேண்டுமானாலும் மாலை போடட்டும். முதல் மாலை உழைத்த பிள்ளைக்கும், இரண்டாவது மாலை கொழுந்து பறித்த தாய்க்கும் போக வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.