வேடந்தாங்கலுக்கு ட்ரோன் வேண்டாம்

அரையாண்டு விடுமுறைக்குச் செவிலிமேடு வந்த பேரன் ஒரு குட்டி ட்ரோனும் கொண்டுவந்தான். "தாத்தா, வேடந்தாங்கல் போய் மேலிருந்து கூடுகளைப் படம் பிடிக்கலாம்" என்றான். கூடாது என்றேன். முகம் வாடிவிட்டது.

வேடந்தாங்கல் ஒரு சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ட்ரோன் விட முடியாது. கிண்டி தேசியப் பூங்காவிலும் அப்படித்தான். இந்தக் கட்டுப்பாடு சரி என்பதே என் கட்சி. தலைக்கு மேல் இரைச்சல் கேட்டால் நாரைகள் மிரண்டு எழும்பும். தாய் விலகிய கூட்டில் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகும்.

அந்த ஊரார் இதை அன்றே உணர்ந்தவர்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தானே அவர்கள் வயலுக்கு உரம்!

ஆனால் பிள்ளைகளிடம் 'கூடாது' என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. வேறு இடமும் காட்ட வேண்டும். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கவிடத் தனி அனுமதி தேவையில்லை. 250 கிராமுக்கு மேற்படாத ட்ரோனுக்கு ஓட்டுநர் சான்றிதழும் வேண்டாம். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் மண்டலத்தைப் பார்த்துக்கொண்டு, கோயில், கூட்டம், வீடுகளை விட்டு விலகி, பாலாற்றங்கரை வெட்டவெளி போன்ற இடத்தில் விடட்டும்.

வேடந்தாங்கலுக்கு பைனாகுலர் போதும்.