உலர் உணவுப் பொதிக்கு முன்னர் ஓர் அளவுநாடா

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், ரொறன்ரோவில் இயங்கும் எமது ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தாயகத்தில் உலர் உணவுப் பொதிகள் வழங்க நிதி திரட்டியுள்ளன. அந்த உதவி எந்தக் குழந்தைக்கு அவசரம், கிடைத்த பின்னர் அக்குழந்தை தேறியதா என்ற கேள்விகளையும் நாம் இப்போது கேட்க வேண்டும்.

நெருக்கடிக்கு முன்னரே நிலைமை நன்றாக இருக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 15.1 வீதமானோர் உயரத்துக்கேற்ற நிறையின்றி மெலிந்திருந்தனர். 17.3 வீதமானோருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. மலையகத் தமிழர் செறிந்து வாழும் நுவரெலியா மாவட்டத்தில் இது 32.4 வீதம்.

ஆபத்திலுள்ள குழந்தையைக் கண்டறிய மிக எளிய கருவி மேற்கை அளவுநாடா. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, தளர்வாகத் தொங்கவிட்ட இடது கையில் சுற்றளவு எடுக்கப்படும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, 115 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் சிவப்பு: கடும் மந்தபோசணை, உடனடிச் சிகிச்சை தேவை. 115 முதல் 125 வரை மஞ்சள். அதற்கு மேல் பச்சை. இந்த வயதில் கையின் சுற்றளவு அதிகம் மாறுவதில்லை என்பதால் பிறந்த திகதியோ தராசோ தேவையில்லை. சற்றுப் பழக்கினால் தாய்மாரே அளந்துவிடலாம்.

ஆனால் பச்சை என்றவுடன் நிம்மதி கொள்ள முடியாது. வளர்ச்சி குன்றிய குழந்தையை இந்த நாடா காட்டாது. நிறைப்படி மெலிந்த பல தெற்காசியக் குழந்தைகளும் இதில் பச்சையாகவே தெரிவர். ஆகவே கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தர் நிறை பார்த்துப் பதியும் குழந்தைச் சுகாதாரப் பதிவேட்டுக்கு நாடா துணையாகலாம், மாற்றாக முடியாது.

இங்கிருந்து உதவுவோர் செய்யக்கூடியது இதுதான். பயனாளிப் பட்டியலை அந்த உத்தியோகத்தருடன் சேர்ந்து தயாரிக்கலாம். சிவப்பில் உள்ள குழந்தை வைத்தியசாலைக்குச் செல்லப் போக்குவரத்துச் செலவைப் பொறுப்பேற்கலாம். அரிசியும் மாவும் நிறைந்த பொதியில் பயறு, கடலை, முட்டை, நெத்தலிக் கருவாடு ஆகியவற்றுக்கு இடம் கொடுக்கலாம். மூன்று மாதங்களின் பின்னர் மீண்டும் அளந்து பார்க்கச் சொல்லலாம்.

வழங்கிய பொதிகளின் எண்ணிக்கையோடு, தேறிய குழந்தைகளின் எண்ணிக்கையும் எமது சங்கங்களின் ஆண்டறிக்கையில் இடம்பெறட்டும்.