பெரியம்மாவின் பெயர்



சென்ற ஆறு திங்களுக்குள் நம் குடும்பத்தில் இரு முதியோர் மறைந்தனர். முதலில் பெரியப்பா சென்றார். நான்கு மாதங் கழித்துப் பெரியம்மாவும் அவரைப் பின்தொடர்ந்தார். இருவரும் எண்பதைக் கடந்தவர்கள். பேரன் பேத்தியரைத் தோளிலும் மடியிலும் வளர்த்தவர்கள். "கல்யாணச் சாவு, அழக்கூடாது" என்று துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கூறினர். நாமும் அவ்வாறே மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தோம், பெரியம்மாவின் மறைவைப் பதிவு செய்வதற்குரிய படிவத்தை எடுத்து வைத்துப் பேனாவைத் திறக்கும் வரையில்.

இறந்தவரின் முழுப்பெயர் என்பது ஒரு கேள்வி. தந்தையின் பெயர், தாயின் பெயர், வயது என்பன அடுத்தடுத்த கேள்விகள். இரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் படிவங்களோடு காலந்தள்ளும் நமக்கு அன்று பெயருக்குரிய வரியிலேயே கை நின்றுவிட்டது. ரேஷன் அட்டையில் மராத்தியில் ஒரு பெயர் இருந்தது. ஆதார் அட்டையில் அதற்கு ஏறக்குறைய ஒத்த வேறொரு பெயர். பெரியப்பாவின் ஓய்வூதியத் தாளில் மூன்றாவதாக ஒன்று. பிறந்த நாளோ சனவரி முதல் தேதி. நாள் தெரியாமல் வயதை மட்டும் சொன்ன நம் முதியோரிற் பலர்க்கும் அட்டையிலுள்ள பிறந்த நாள் அதுவே.

பெரியம்மாவைப் பெயர் சொல்லி அழைத்தவர் யார்? பெரியப்பா "ஏளா" என்பார். நாங்கள் அனைவரும் பெரியம்மா என்போம். தாராவியில் அண்டை வீட்டு மராத்தியர் மாவுஷி என்பர். ஊர்ப்பிள்ளைகள் "அண்ணாச்சி வீட்டம்மா" என்பர். இத்தனை அழைப்புக்களுக்கும் அறுபது ஆண்டுகளாக ஏனென்று கேட்டவருக்குத் தாய் தந்தையர் இட்ட பெயர் எதுவென்று, அவர் கையாற் சோறுண்டு வளர்ந்த நாம் அறியோம்.

இதில் நம்மை மிகவும் வருத்துவது வேறொன்று. பெரியப்பா மறைந்த பின் குடும்ப ஓய்வூதியத்திற்காகப் பெயர் வேறுபாட்டைக் காட்டி ஓர் அலுவலகத்தில் மூன்று மாதம் அலைக்கழித்தனர். பெரியம்மா அந்த ஓய்வூதியத்தைப் பெற்றது ஒரே ஒரு முறைதான். அந்த மூன்று மாதமும் எழுத்துப் பிழையைத் திருத்துவதிலேயே நம் கருத்து நின்றது. அடுத்த அறையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவரிடம் போய், "பெரியம்மா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

பெரியப்பா பம்பாய்க்கு வந்தது 1957-இல். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மீட்டர் பாதை வண்டியில் எழும்பூர் வந்து, தகரப் பெட்டியைத் தலையில் வைத்துச் சென்ட்ரல் வரை நடந்து, அங்கிருந்து பம்பாய் மெயிலில் ஏறினாராம். மாதுங்கா இரயில் பெட்டிப் பணிமனையிற் கலாசியாக வேலை கிடைத்தது. சில ஆண்டு சென்றபின் ஊருக்குப் போய் மணம் முடித்துப் பெரியம்மாவை அழைத்து வந்தார். எந்த ஆண்டு என்று கேட்டால், "தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோச்சே, அதுக்கு முந்தின வருசம்" என்பார் பெரியம்மா. அந்தப் புயல் அடித்தது 1964 டிசம்பரில். அவருடைய நாட்காட்டியில் ஆண்டுகளுக்கு எண் கிடையாது. புயலும், மழையும், யார் வீட்டுக் குழந்தையோ பிறந்ததுமே அடையாளம்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதில் அவர்களும் மூன்று மக்களும். அவர்களோடு ஊரிலிருந்து வேலை தேடி வந்த பிள்ளைகள் எப்போதும் இருவரேனும் இருப்பர். வந்தவனுக்கு முதல் மாதம் சோற்றுக்குக் காசில்லை, இரண்டாம் மாதம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கொடுக்கவில்லையென்றாற் கேட்கமாட்டார். 1960-களின் பிற்பகுதியில் தென்னாட்டார்க்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டிருந்த நாட்களில், பணிமனையிலிருந்து பெரியப்பா திரும்பும் வரை அடுப்பை மூட்டாமல் வாசலிலேயே நிற்பாராம். அவரோடு வந்து நிற்பவர் அந்த மராத்தி அண்டை வீட்டம்மாள்தான்.

1974 மே 8-ஆம் நாள் இரயில்வேத் தொழிலாளர் வேலை நிறுத்தம் தொடங்கிற்று. இருபது நாள் நடந்து, மே 27-இல் அது முடிவுற்றபோது பெரியப்பாவுக்கு வேலை இல்லை. ஆட்சி மாறிய பின்னர், 1977-இல்தான் மீண்டும் உள்ளே அழைத்தனர். இடையில் மூன்றாண்டு காலம் அந்தக் குடும்பத்தைத் தாங்கியது ஆட்டுரல் ஒன்றே. இரவு மூன்று மணிக்குக் குழாயில் நீர் வரும். அதற்குமுன் மாவு பொங்கியிருக்க வேண்டும். விடியுமுன் இட்டிலி வெந்து அலுமினியப் பாத்திரத்தில் ஏறவேண்டும். அதைத் தலையிற் சுமந்து தெருத்தெருவாக விற்றவர், முன்னாள் வரை பணிமனைத் தொழிலாளியாகத் தலைநிமிர்ந்து நடந்த பெரியப்பா. வேலை திரும்பக் கிடைத்த அன்று பெரியம்மா செய்த முதற்காரியம், மூன்றாண்டாக மீட்க முடியாமற் கிடந்த மூக்குத்தியை அடகுக்கடையில் மீட்டதுதானாம். அதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார்.

இவற்றை நாம் பிறர் சொல்லக் கேட்டோம். கண்ணாற் கண்டது 2005 சூலை 26-இன் மழையை. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. வண்டிகள் எல்லாம் நின்றன. நாம் அப்பொழுது பள்ளிச் சிறுவர். இடுப்பளவு நீரில் நடந்து வந்த, முன்பின் அறியாத இரண்டு பெண்களைப் பெரியம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்துத் தம் சேலைகளை உடுத்தக் கொடுத்து, இரவெல்லாம் சுக்குக் காப்பி வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவர்கள் போகும்போது பெயரைக் கேட்டனர். "பெயரெதுக்கு? நல்லாப் போய்ச் சேருங்க" என்றார். அந்தச் சொல் இப்பொழுது நம் நெஞ்சில் தைக்கிறது.

அவர் நம்மிடம் வேண்டியது ஒன்றே ஒன்று. "ஒரு தடவை கொடைக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போய்யா. அம்மன் முகத்தைப் பாத்துட்டு வந்துடுறேன்" என்றார், மூன்று ஆண்டாக. வண்டியில் ஏற்றிவிடும் வேலையிலேயே இருக்கும் நாம், விடுப்புக் கிடைக்கவில்லை, பிள்ளைக்குத் தேர்வு, அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று மூன்று முறையும் விடை சொன்னோம். விடுப்பு உண்மையிலேயே கிடைக்காதது ஒரு முறைதான்.

பதினாறாம் நாள் காரியத்திற்காகப் பரணிலிருந்த பித்தளைக் குடத்தை எடுத்துப் புளியிட்டுத் துலக்கிய தங்கை, "அண்ணா, இங்கே வா" என்று கூவினாள். குடத்தின் கழுத்திற் கறுத்துக் கிடந்த எழுத்துக்கள் தெரிந்தன. தந்தையின் பெயருக்குரிய முதலெழுத்து, அதனருகே ஒரு பெயர், அதன்கீழ் 1963. சீராக வந்த குடம். தாய்வீட்டார் வெட்டுவித்த பெயர். அது அவர் பார்க்க விரும்பிய அந்த ஊர் அம்மனின் பெயரேதான். மூன்று அட்டைகளிலும் இருந்தவை அப்பெயரின் சிதைவுகள்.

படிவத்தில் முன்னமே ஆதாரிலுள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டோம். இனி மாற்றினால் மக்களுக்கு வேறு தொல்லைகள் நேரும். ஆனால் வீட்டில் மாட்டியுள்ள படத்தின் கீழே குடத்திலிருந்த பெயரையே எழுதுவித்திருக்கிறோம். தாயின் பெயருக்குரிய இடம் வெறுமையாகவே இருக்கிறது. அதைச் சொல்லக்கூடியவர் ஊரிலும் எவருமில்லை.

அன்பர்களே! இறப்பை இருபத்தொரு நாளுக்குள் பதிவு செய்யவேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டில் நேர்ந்த மறைவாயின் அறிவிக்கும் பொறுப்பு குடும்பத்தாருடையது. அந்த நாட்களில் ஓடியாடி எதையும் தேடிக் கண்டுபிடிக்க இயலாது. முதியோர் உயிரோடிருக்கும்போதே அட்டைகளையெல்லாம் ஒருசேர எடுத்து வைத்து, பெயர் எங்கெங்கே வேறுபடுகிறதென்று பாருங்கள். கணவன் மனைவி இருவரும் இருக்கையிலேயே ஓய்வூதியத் தாளிலுள்ள பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள். பின்பு ஒரு குறிப்பேட்டை எடுத்து, அவர்கள் பெயர், தாய் தந்தையர் பெயர், பிறந்த ஊர், இந்நகருக்கு வந்த ஆண்டு, முதலிற் குடியிருந்த இடம் ஆகியவற்றை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு எழுதுங்கள். ஊருக்கு அழைத்துப் போகச் சொன்னால் அழைத்துப் போங்கள்.

சென்ற ஞாயிறன்று நம் அத்தையிடம் சென்றிருந்தோம். அவருக்கு வயது எழுபத்தாறு. குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு, "அத்தை, உங்கள் முழுப்பெயர் என்ன?" என்று கேட்டோம். "இதென்னடா புதுக் கேள்வி!" என்று நகைத்தார். பிறகு சொன்னார். அதன்பின் விளக்கேற்றும் நேரம் வரையில் அவர் நிறுத்தவில்லை. பதினோரு பக்கங்கள் நிறைந்தன. மிகுதியைக் கேட்க வரும் ஞாயிறும் போகிறோம்.