ஸ்தல சுயாட்சியா? தனி அலுவலர் ஆட்சியா?



சாக்கடை நாறினால் “நம்மூர்த் தலையெழுத்து” என்கிறோம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றுகிறோம். நாம் கேட்கின்றோம்: சாக்கடையை வாரச் சொல்லி உத்தரவு போட வேண்டியது ஆத்தாளா, ஊரை ஆளும் மன்றமா? அம்மன்றம் யாருக்குப் பதில் சொல்லக் கட்டுப்பட்டிருக்கின்றது என்பதிலல்லவா ஊரின் சுகதுக்கம் இருக்கின்றது?

நகரசபைகளின் ஆயுள் 5 வருஷம், அது முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று 1992-இல் அரசியல் சட்டத்தை 74-வது தடவையாகத் திருத்தி எழுதி வைத்தார்கள். நடந்ததென்ன? தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் காலம் முடிந்த முனிசிபாலிட்டிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் வந்தது. இடையில் 5 வருஷத்துக்கு மேலாகத் தனி அலுவலர் ஆண்டார். அவர் யோக்கியராகவே இருக்கட்டும். உங்கள் ஓட்டினால் வந்தவரல்லவே! மேலேயிருந்து வந்தவர் மேலே இருப்பவருக்குத்தானே பதில் சொல்லுவார்? சாமி வரம் கொடுத்தும் பூசாரி இடங்கொடுக்காத கதை இதுதான்.

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையோ இதைவிட வேடிக்கை. 1996-இலும் 2001-இலும் ஜனங்களே நேரில் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இல் அந்த உரிமை கவுன்சிலர்களிடம் போயிற்று. 2011-இல் ஜனங்களிடம் திரும்பிற்று. 2022-இல் மறுபடியும் கவுன்சிலர்களிடமே போயிற்று. கோட்டையிலிருப்பவர்களுக்கு எது சௌகரியமோ அதுவே அந்தந்த வருஷத்து ஜனநாயகம்!

ஒரு பேரூராட்சியில் 15 வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 பேரைக் கைக்குள் போட்டுக் கொண்டவன் தலைவனாகிறான். பிறகு அவன் ஊராருக்கு ஏன் பயப்பட வேண்டும்? ஜனங்களே தேர்ந்தெடுத்தால் தலைவருக்கும் கவுன்சிலர்களுக்கும் சண்டை வந்து வேலை நின்று போகும் என்கிறார்கள். வரலாம், ஆனால் அந்தச் சண்டை ஊரறிய நடக்கும். 8 பேரைப் பிடிக்கும் பேரமோ விடுதி அறைக்குள் நடக்கின்றது.

முறை நேரானாலும் ஜாதி விடுகின்றதா? ஊராட்சித் தலைவரை ஜனங்கள் நேரிலேயே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆயினும், தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய 4 ஊராட்சிகளும் 1996 முதல் 2006 வரை தேர்தல் நடக்காமலோ, ஜெயித்தவர் உடனே ராஜினாமாச் செய்தோ, தலைவரின்றிக் கிடந்தன. மேலவளவில் தலைவராக வந்த முருகேசனை, கூட வந்தவர்களோடு 1997-இல் வெட்டிக் கொன்றார்கள். எந்தத் தெய்வம் குறுக்கே வந்து தடுத்தது? பெண்ணுக்கு ஒதுக்கிய நாற்காலியில் புருஷன் உட்காருவதும் இதே புத்திதான்.

ஆகவே தோழர்களே, ஓட்டுக் கேட்டு வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தேர்தலைக் கெடு தவறாமல் நடத்துவீர்களா? எங்கள் தலைவரை நாங்களே தேர்ந்தெடுக்க விடுவீர்களா? ஒதுக்கிய நாற்காலியில் உரியவரே உட்காரப் பாதுகாப்புத் தருவீர்களா? நேரான பதில் சொல்லாதவர் எக்கட்சிக்காரரானாலும், எந்த ஜாதிக்காரரானாலும், அவருக்கு ஓட்டில்லை என்று சொல்லி அனுப்புங்கள். சாக்கடையைத் தலையெழுத்து வாராது. கணக்குக் கேட்கும் ஜனங்கள்தான் வாரச் செய்ய முடியும்.