பன்னிரண்டு இடத்துக்குச் சண்டை போடுறோம், சம்பளத்துக்கு?

தோழர்களே,

டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நம்ம வாட்ஸ்அப் குரூப்களில் வேறு பேச்சே இல்லை. நோட்டர் டேமுக்கு ப்ளேஆஃபில் இடம் கிடைக்கவில்லை. பத்து வெற்றி, இரண்டு தோல்வி. மயாமிக்கும் அதே கணக்குதான். நவம்பர் முழுக்க கமிட்டி வெளியிட்ட தரவரிசையில் நோட்டர் டேம் மயாமிக்கு மேலேயே இருந்தது. கடைசி வாரம் இரண்டு டீமும் களத்தில் இறங்கவே இல்லை. ஆனால் ஞாயிறு பட்டியல் வந்தபோது மயாமி உள்ளே, நோட்டர் டேம் வெளியே. சீசன் தொடக்கத்தில் மயாமி இவர்களை 27-24 என்று தோற்கடித்தது உண்மைதான். ஆனால் அது ஆகஸ்ட் 31-லேயே நடந்து முடிந்த ஆட்டம். டிசம்பர் வரை அது கமிட்டியின் கண்ணில் படவில்லையா? நோட்டர் டேம் வேறு எந்த பௌல் ஆட்டத்துக்கும் வரமாட்டோம் என்று கதவைச் சாத்திவிட்டது.

2023-ல் நடந்தது இதைவிட மோசம். ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டம் ஆடி பதின்மூன்றையும் வென்றது. தன் கான்ஃபரன்ஸ் கோப்பையையும் எடுத்தது. ஆனால் குவார்ட்டர்பேக் காலில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார், அவர் இல்லாத டீம் பழைய டீம் இல்லை என்று சொல்லி கமிட்டி அதை வெளியே நிறுத்தியது. ஒரு தோல்வி கண்ட அலபாமாவை உள்ளே விட்டது. அப்போது இருந்தது நாலே இடம். 2024-லிருந்து பன்னிரண்டு. இடம் மூன்று மடங்கு ஆன பிறகும் சண்டை குறையவில்லை.

நம்ம அமைப்புக்குள்ளேயே இதைக் கேலி செய்கிற தோழர்கள் உண்டு. "அங்க குண்டு போடுறாங்க, இங்க நீங்க டச்டவுன் எண்ணிட்டு இருக்கீங்க." நான் சனிக்கிழமை தவறாமல் ஆட்டம் பார்க்கிறவன். இந்தக் கேலியை நான் ஏற்கவில்லை. மூடிய அறைக்குள் சிலர் உட்கார்ந்து, களத்தில் ஆடாதவர்கள் களத்தில் ஆடியவர்களின் விதியை எழுதுகிறார்கள். கேட்டால் நேரத்துக்கு ஒரு அளவுகோல் சொல்கிறார்கள். இதைப் பார்த்து ஒரு ரசிகனுக்கு ஆத்திரம் வருகிறது என்றால், அது நாம் மதிக்க வேண்டிய ஆத்திரம். என் கேள்வி வேறு: அந்த ஆத்திரம் ஏன் அந்த ஒரு கதவோடு நின்றுவிடுகிறது?

பக்கத்து அறைக் கதவையும் கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

ப்ளேஆஃபை ஒளிபரப்ப இ.எஸ்.பி.என். 2026 சீசனிலிருந்து ஆறு வருடத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது 780 கோடி டாலர். அதாவது வருடத்துக்கு 130 கோடி. இது ப்ளேஆஃபுக்கு மட்டும். சனிக்கிழமை ஆட்டங்களுக்கு ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது. காசு இல்லாத தொழில் இல்லை இது.

காசு எங்கே போகிறது? லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மாநில அரசின் யூனிவர்சிட்டி. அக்டோபரில் கோச் பிரையன் கெல்லியை வேலையை விட்டு நீக்கினார்கள். ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டிய பாக்கி சுமார் 5.4 கோடி டாலர். வேலை போனதற்கு! அடுத்த மாதமே ஓல் மிஸ்ஸிலிருந்து லேன் கிஃபினை வருடத்துக்கு சுமார் 1.3 கோடி டாலர் சம்பளத்தில், ஏழு வருட ஒப்பந்தத்தில் கூட்டிவந்தார்கள். அவர் கிளம்பியது எப்போது? ஓல் மிஸ் பதினோரு ஆட்டம் ஜெயித்து, ப்ளேஆஃப் வாசலில் நிற்கும்போது. தன் பசங்களை அங்கேயே நிறுத்திவிட்டுப் போனார்.

ஆனால் குரூப்பில் வருகிற புலம்பல் என்ன? "இந்தக் காலத்துப் பசங்களுக்கு விசுவாசமே இல்ல. போர்ட்டல்ல பேரைப் போட்டுட்டு வேற காலேஜுக்கு ஓடிடுறாங்க. காசு வந்ததும் ஆட்டமே கெட்டுப் போச்சு." நம்ம அங்கிள்கள் சொன்னால்கூடச் சிரித்துவிட்டுப் போகலாம். இடதுசாரி என்று சொல்லிக்கொள்கிற நம்ம தோழர்களும் அதையே சொல்கிறார்கள். முதலாளி இடம் மாறினால் தொழில் தர்மம், தொழிலாளி இடம் மாறினால் துரோகமா? இந்தப் பாட்டை நாம் வேறு எந்தத் தொழிலில் கேட்டிருந்தாலும் பாடுகிறவர் யார் என்று உடனே கண்டுபிடித்திருப்போம்.

இங்கே கண்டுபிடிக்க முடியாமல் போவதற்கு ஒரு சொல் காரணம்: "மாணவ விளையாட்டு வீரர்". கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! இது பிறந்த கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1955-ல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் ஏ அண்ட் எம் கல்லூரிக்கு ஆடிய ரே டெனிசன் என்பவர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். தொழிலாளர் இழப்பீடு கேட்டு அவர் மனைவி வழக்குக்குப் போனார். 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் இல்லை என்று சொல்லிவிட்டது. அந்தக் கல்லூரி ஃபுட்பால் வியாபாரத்தில் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. இப்படி வழக்குகள் வரும் என்று பயந்துதான் என்.சி.ஏ.ஏ. அந்தச் சொல்லை உருவாக்கி எல்லாக் கல்லூரிகளின் வாயிலும் திணித்தது. நான் கற்பனையாகச் சொல்லவில்லை. அப்போது அந்த அமைப்பை நடத்திய வால்டர் பையர்ஸ் பின்னாளில் தன் புத்தகத்தில் தானே எழுதி வைத்திருக்கிறார்.

அந்தச் சொல் இன்றைக்கும் வேலை செய்கிறது. 1974-ல் டெக்சஸ் கிறிஸ்டியன் யூனிவர்சிட்டிக்கு ஆடிய கென்ட் வால்ட்ரெப் கழுத்தில் அடிபட்டு உடல் செயலிழந்தார். அவரும் இழப்பீட்டுக்குப் போராடினார். 2000-ல் நீதிமன்றம் கைவிரித்தது: நீ தொழிலாளி இல்லை. 2014-ல் நார்த்வெஸ்டர்ன் வீரர்கள் யூனியன் கேட்டார்கள். சீசனில் வாரத்துக்கு 40 முதல் 50 மணி நேரம் இதற்காகவே போகிறது, இவர்கள் தொழிலாளர்களே என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார இயக்குநர் தீர்ப்பளித்தார். வாக்கெடுப்பும் நடந்தது. ஆனால் 2015 ஆகஸ்டில் மேல் வாரியம் இந்த விஷயத்தில் நாங்கள் தலையிடமாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டது. போட்ட வாக்குகள் சீல் வைத்தபடியே கிடந்தன, எண்ணப்படவே இல்லை. ப்ளேஆஃப் கமிட்டி தரவரிசையை மாற்றியதற்கு ஒரு வாரம் கத்தினோமே, எண்ணாமல் விட்ட வாக்குக்கு எத்தனை பேர் கத்தினோம்?

"இப்பதான் காசு குடுக்குறாங்களே" என்பீர்கள். 2021 ஜூலையிலிருந்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தப்படி கல்லூரிகளே நேரடியாகவும் கொடுக்கலாம். ஆனால் ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்து 2025-26-ல் கொடுக்க அனுமதிக்கப்பட்டது அதிகபட்சம் சுமார் 2.05 கோடி டாலர். கோச் சம்பளத்துக்கு இப்படி உச்சவரம்பு உண்டா? கிடையாது. என்.எஃப்.எல்.லிலும் உச்சவரம்பு உண்டு. ஆனால் அங்கே வீரர்களின் யூனியன் மேசையில் உட்கார்ந்து பேரம் பேசிப் போட்டது அது. இங்கே மேசையும் இல்லை, யூனியனும் இல்லை. சில நட்சத்திரங்களின் கார் படத்தைக் காட்டி, பெஞ்சில் இருக்கிறவனின் முழங்காலை மறைக்கிறார்கள்.

இதையும் சட்டமாகவே பூட்டப் பார்க்கிறார்கள். ஜூலையில் கொண்டுவந்த ஸ்கோர் மசோதா, கல்லூரி வீரர்களைத் தொழிலாளர்களாகக் கருதக் கூடாது என்கிறது, என்.சி.ஏ.ஏ.வுக்கு ஏகபோகத் தடைச் சட்ட வழக்குகளிலிருந்து பாதுகாப்பும் தருகிறது. டிசம்பர் முதல் வாரம் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு வருவதாக இருந்து, கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். எடுத்து வைத்திருக்கிறார்கள், குப்பையில் போடவில்லை. கவனம்.

இதில் தமிழர்களான நமக்கு என்ன? இரண்டு விஷயம்.

ஒன்று, "நீ மாணவன், தொழிலாளி இல்லை" என்ற வசனத்தை நம்மில் பாதிப்பேர் நேரிலேயே கேட்டிருக்கிறோம். டி.ஏ. வேலை, ஆர்.ஏ. வேலை பார்க்கிற பட்ட மேற்படிப்பு மாணவர்களுக்கும் அதே வசனம்தான். தனியார் யூனிவர்சிட்டிகளில் அவர்களும் தொழிலாளர்களே என்று 2016-ல் கொலம்பியா வழக்கில் வாரியம் ஒப்புக்கொண்டது. 2023-ல் மிச்சிகனில் அவர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலைநிறுத்தம் செய்தவர்களின் சம்பளத்தை நிர்வாகம் நிறுத்தி வைத்தது. அதே வருட சீசனில்தான் மிச்சிகன் சாம்பியன் ஆனது. அதே நிர்வாகம், அதே காம்பஸ். எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். செமஸ்டர் நடக்கும்போது காம்பஸில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் நாம் வேலை பார்க்க முடியாது. அதே விசாவில் ஆட வருகிற வெளிநாட்டு வீரர்கள் விளம்பரக் காசைத் தொடவே பயப்படுகிறார்கள். பூட்டு ஒன்றுதான், கதவுதான் வேறு.

இரண்டாவது விஷயம் கசக்கும். களத்தில் உடம்பைக் கொடுக்கிறவர்களில் பெரும்பங்கு கறுப்பின இளைஞர்கள். மேலே நாற்காலியில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். நம்ம வீடுகளில் இதைப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறார்கள்? "படிக்காம விளையாடிட்டு திரியுறானுங்க, அதுக்கு ஃப்ரீயா சீட்டு." நம்ம பிள்ளை மார்க் வாங்கினால் உழைப்பு, அவன் பிள்ளை வெயிலில் ஓடினால் ஓசியா? 2018-ல் மேரிலாந்தில் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலுக்கு ஆளாகி ஜோர்டான் மெக்நேர் இறந்தபோது வயது 19. பசங்களுக்குக் காசு வந்ததால் ஆட்டம் கெட்டுவிட்டது என்கிற புலம்பலுக்கு அடியில் இந்த வெறுப்பும் ஓடுகிறது. அதை நாம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

ஆட்டமே அபின் என்கிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 நவம்பரில் மிசூரி யூனிவர்சிட்டியில் இனவெறிக்கு எதிராக மாணவர்கள் போராடினார்கள். ஒருவர் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார். நிர்வாகம் அசையவில்லை. அப்போது சுமார் முப்பது கறுப்பின ஃபுட்பால் வீரர்கள், யூனிவர்சிட்டித் தலைவர் பதவி விலகும்வரை ஆடமாட்டோம் என்று அறிவித்தார்கள். ஒரு ஆட்டத்தைக் கைவிட்டால் பத்து லட்சம் டாலர் நஷ்டஈடு கட்ட வேண்டும். இரண்டே நாளில் தலைவர் ராஜினாமா. வேலைநிறுத்தம் என்றால் என்ன என்று நாம் ஸ்டடி சர்க்கிளில் வருடக்கணக்காகப் படிக்கிறோம். அவர்கள் ஒரு வாரக் கடைசியில் செய்து காட்டினார்கள். இவர்களை விட்டுவிட்டு யாரோடு அரசியல் செய்யப் போகிறோம்?

கூட்டம் யாருக்காகக் கூடுகிறது என்பதை நிர்வாகங்கள் நம்மைவிட நன்றாக அறியும். வாண்டர்பில்ட்டில் 2024 மார்ச்சில் பாலஸ்தீனத்துக்காக நிர்வாகக் கட்டடத்தில் உட்கார்ந்த மாணவர்களில் மூன்று பேரை நிரந்தரமாக வெளியேற்றினார்கள். அதே வருடம் அக்டோபரில் அதே யூனிவர்சிட்டி அலபாமாவை 40-35 என்று வென்றது. மாணவர்கள் மைதானத்துக்குள் இறங்கி கோல்போஸ்டைப் பிடுங்கி, நகரம் வழியாகத் தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் போட்டார்கள். கான்ஃபரன்ஸ் அபராதம் ஒரு லட்சம் டாலர். காம்பஸே திருவிழா. சும்மா உட்கார்ந்தவன் குற்றவாளி, பிடுங்கிப் போட்டவன் செல்லப்பிள்ளை.

நான் கேட்பது மூன்றே மூன்று. உங்கள் யூனியன் கூட்டத்தில் கல்லூரி வீரர்களின் யூனியன் உரிமையை ஆதரித்து ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். குடியுரிமை உள்ளவர்கள் தங்கள் தொகுதிப் பிரதிநிதி அலுவலகத்துக்குப் போன் செய்து ஸ்கோர் மசோதாவுக்கு எதிராகப் பேசுங்கள்; விசாவில் இருப்பவர்கள் உங்கள் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்டு முடிந்ததைச் செய்யுங்கள். மூன்றாவது சுலபம். டிசம்பர் 19, வெள்ளி இரவு ஒக்லஹோமா மைதானத்தில் அலபாமா ஆடுகிறது, ப்ளேஆஃபின் முதல் ஆட்டம். எப்படியும் நாலு பேர் ஒரு வீட்டில் கூடுவீர்கள். கூடுங்கள், கத்துங்கள். விளம்பர இடைவேளைக்குப் பஞ்சமே இருக்காது. அதில் ஒரு இடைவேளையில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, நார்த்வெஸ்டர்னில் எண்ணப்படாத அந்த வாக்குகளைப் பற்றிப் பேசுங்கள்.

தோழமையுடன்.