நான்கு நாளில் திருச்சி: புறப்படுமுன் ஒரு கணக்கு



வங்காலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் அரை மணித்தியாலம் இருந்தால் போதும். மண்டபம், திருச்சி, சென்னை என்ற பெயர்களில் ஒன்றாவது பேச்சில் வந்துவிடும். 1990 இல் சண்டை மீண்டும் தொடங்கியபோது எங்கள் கரையிலிருந்து வள்ளமேறி இராமேஸ்வரம் போனவர்கள் அநேகர். சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். இதனால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் கடலுக்கு இரு பக்கமும் பிரிந்து வாழும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு.

அண்மைக் காலமாக என்னிடம் வரும் பெண்கள் அடிக்கடி கேட்பது, "பிள்ளை, ஒருக்கா போய்ப் பார்த்திட்டு வரலாமோ?" என்பதைத்தான். போகலாம். 2025 மார்ச் இறுதியில் பலாலிக்கும் திருச்சிக்கும் இடையே நேரடி விமான சேவை தொடங்கியது. பறப்பதற்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். இந்த வசதி வந்தபின் கொழும்புக்குப் போய் இரவு முழுக்கக் காத்திருக்கும் வேலை இல்லை. ஆனால் இலகுவான பயணத்துக்கும் ஆயத்தம் வேண்டும். நான் விட்ட பிழையையும் சேர்த்து இம்முறை எழுதுகிறேன்.

2025 செப்டெம்பரில் எங்கள் ஊர் அக்கா ஒருவருக்குத் துணையாகத் திருச்சி போய் வந்தேன். அவர் பதினான்கு வயதில் வள்ளத்தில் போனவர். இருபத்தொரு வருடம் முகாமில் வாழ்ந்து, 2011 இல் அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஸ்தானிகராலயத்தின் உதவியோடு விமானத்தில் ஊர் திரும்பினார். அவருடைய மூத்த சகோதரி அங்கேயே மணம் முடித்து, இப்போது முகாமுக்கு வெளியே வாடகை வீட்டில் இருக்கிறார். தாயாரின் கல்லறையும் திருச்சியில்தான். பதினான்கு வருடமாகத் தொலைபேசியில் மட்டும் கேட்ட குரலைக் கண்ணால் பார்க்கப் போகிறோம் என்று அவர் இரண்டு மாதம் சீட்டுப் பணம் சேர்த்தார்.

முதலில் கடதாசிகள்

கடவுச்சீட்டு இல்லாதவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள். வவுனியாவிலுள்ள பிராந்திய அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ் ஆகியவற்றில் பெயரின் எழுத்துக்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று வீட்டிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். இடப்பெயர்வில் சான்றிதழ்களைத் தொலைத்தவர்களும், கணவர் காணாமற்போன நிலையில் பிள்ளைகளையும் கூட்டிச்செல்ல விரும்புபவர்களும் முதலில் கிராம அலுவலரிடமும் நானாட்டான் பிரதேச செயலகத்திலும் பேசி, என்னென்ன பத்திரங்கள் வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு கையில் இருப்பவர்கள், அது இன்னும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகுமா என்று பாருங்கள்.

அடுத்தது விசா. இந்தியாவுக்கு இணையத்தினூடாகவும் விசா எடுக்கலாம். ஆனால் அரசாங்கத் தளம்போலவே தோன்றும் போலித் தளங்கள் இருக்கின்றன. காசு கட்டுமுன் விபரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். முன்பு அகதியாக இருந்து திரும்பியவர்கள் அதை மறைத்து எழுதவே கூடாது. இந்தியாவில் முன்னர் இருந்தீர்களா என்ற கேள்வி விண்ணப்பத்திலேயே உண்டு. நாங்கள் யாழ்ப்பாணத்தில் நேரடியாக விண்ணப்பித்தோம். அக்காவிடம் ஊர் திரும்பியபோது பெற்ற வெளியேறும் அனுமதிப் பத்திரத்தின் பிரதி பத்திரமாக இருந்தது. அந்தப் பிரதிதான் பல கேள்விகளுக்குப் பதிலாக இருந்தது. உங்களிடமும் அப்படியான கடதாசிகள் இருந்தால் கறையான் தின்ன விடாதீர்கள்.

விசா கைக்கு வந்தபின் விமானச் சீட்டு எடுங்கள். முதலில் சீட்டு எடுத்துவிட்டு விசாவுக்காகத் தவிக்க வேண்டாம்.

2025 ஒக்டோபர் முதல் இந்தியாவுக்கான வருகை அட்டையையும் பயணத்துக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பும் முறை வந்துள்ளது. தங்கும் இடத்தின் முழு விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். கைத்தொலைபேசியின் மின் தீர்ந்தாலும் தாள் கைகொடுக்கும்.

தங்குமிடம்

வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர்கள் 24 மணித்தியாலத்துக்குள் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம். நாம் அதே தமிழைப் பேசினாலும் கடவுச்சீட்டின்படி வெளிநாட்டவர்தான். இதை அறியாமல் நான் பேசிவைத்த முதல் லொட்ஜில், எங்கள் கடவுச்சீட்டைக் கண்டதும் அறை இல்லை என்றார்கள். இருட்டுப்படும் நேரத்தில் இரண்டு பெண்கள் பைகளோடு தெருவில் நின்றோம். ஆகவே, "இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அறை தருவீர்களா?" என்று முதலே கேளுங்கள். உறவினர் வீட்டில் தங்கினாலும் இந்த அறிவித்தல் வேண்டும். உறவினர் முகாமில் இருந்தால், பார்க்க வருவது பற்றி அவர்கள் மூலம் முகாம் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நம்மால் அவர்களுக்கு ஒரு தொல்லை வரக்கூடாது.

பணமும் பொதியும்

டொலராகக் கொண்டு போங்கள். எங்கள் ரூபாவை அங்கே மாற்றுவது கஷ்டம். விமான நிலையத்தில் ஓட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் அளவாக மட்டும் மாற்றி, மிச்சத்தை நகரில் இரண்டு கடைகளில் விசாரித்து மாற்றினோம். அக்கா முகாம் காலத்து 500 ரூபாத் தாள்கள் சிலவற்றைச் சேலை மடிப்பில் கவனமாக வைத்திருந்தார். 2016 நவம்பரில் அந்தப் பழைய 500, 1000 ரூபாத் தாள்களை இந்திய அரசு செல்லாதவையாக்கிவிட்டது. அது தெரிந்தபோது அவருடைய முகம் வாடியதை மறக்க முடியவில்லை. உங்களிடம் அப்படி இருந்தால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தேநீர்க் கடையிலும் கைத்தொலைபேசியால் காசு கட்டும் ஊர் அது. நமக்கு அந்த வசதி இல்லாததால் சில்லறைத் தாள்கள் நிறைய வைத்திருங்கள்.

நகைகளை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். கருவாட்டைத் தவிருங்கள். "இதை மட்டும் கொடுத்துவிடுங்கோ" என்று தெரியாதவர் தரும் பொதியை ஒருபோதும் வாங்க வேண்டாம். உள்ளே என்ன இருந்தாலும் சுங்கத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். குடிக்கும் மருந்துகளை வைத்தியரின் துண்டோடு கைப்பையில் வையுங்கள். அங்கே அம்புலன்ஸுக்கு 108, அவசர உதவிக்கு 112. கடவுச்சீட்டு தொலைந்தால் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தை நாட வேண்டும். அதன் பிரதி ஒன்றைத் தனியாக வைத்திருந்தால் அலைச்சல் குறையும்.

நாட்களை எண்ணும் விதம்

இதில்தான் நான் பிழை விட்டேன். நான்கு நாள் என்று எண்ணினோம். முதல் நாள் விடியப்புறம் வங்காலையில் வெளிக்கிட்டு, மன்னாரில் பஸ் பிடித்து, பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போய், பின்னேரம்தான் திருச்சியில் இறங்கினோம். நான்காம் நாள் காலையிலேயே விமான நிலையம் போக வேண்டியிருந்தது. அப்படியென்றால் முழுதாகக் கையில் இருந்தவை இரண்டே இரண்டு நாட்கள்.

அந்த இரண்டில் ஒன்றை வேளாங்கண்ணிக்குக் கொடுத்தோம். அக்கா அதைக் கேட்கவில்லை. "இவ்வளவு தூரம் வந்து மாதாவைப் பார்க்காமல் போவதா?" என்று சொன்னது நான்தான். திருச்சியிலிருந்து வேளாங்கண்ணி ஏறக்குறைய 150 கிலோமீற்றர். போக நான்கு மணித்தியாலம், வர அதைவிடக் கூட. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம் என்று அவருடைய சகோதரியிடம் சொல்லியிருந்தோம். வீட்டுக்குப் போய்ச் சேர இரவு ஒன்பது மணி. அவர் மீன் குழம்பும் சொதியும் ஊர் முறைப்படி வைத்து, தானும் சாப்பிடாமல் வாசலில் இருந்தார். அடுத்த நாள் காலை கல்லறைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வர, ஒரு பின்னேரம்தான் மிஞ்சியது. பதினான்கு வருடக் கதையை அதற்குள் பேசி முடிக்க முடியுமா?

விமான நிலைய வாசலில் அந்த அம்மா தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாதா அங்கயும் இருக்கிறா. நீ ஆரைப் பார்க்க வந்தனி?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. அதனால்தான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது. அக்கா ஒன்றும் சொல்லாமல் அழுதார். திரும்பி வரும்போது நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீயும் நல்லதுக்குத்தானே சொன்னனி பிள்ளை" என்றார்.

ஆகவே சகோதரிகளே, புறப்படுமுன் ஒரு தாளை எடுங்கள். வருகிற நாளையும் போகிற நாளையும் வெட்டிவிடுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் பயணம். நான் எதற்காகப் போகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரிக்கு முதலில் நேரம் கொடுங்கள். மலைக்கோட்டையும் கடைவீதியும் லூர்து அன்னை ஆலயமும் நகருக்குள்ளேயே இருக்கின்றன. நேரம் மிஞ்சினால் ஒன்றைப் பார்க்கலாம், மிஞ்சாவிட்டால் குறையில்லை. வெளியூர் போகத்தான் வேண்டுமென்றால் இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். பஸ் எங்கே புறப்படுகிறது என்றும் கேளுங்கள். 2025 நடுப்பகுதியில் வெளியூர் பஸ்கள் பல பஞ்சப்பூர் புதிய நிலையத்துக்கு மாறிவிட்டன. முகாம் காலத்து ஞாபகத்தில் போனால் அலைவீர்கள்.

அக்கா இப்போது மறுபடியும் சீட்டுக் கட்டுகிறார். இம்முறை ஆறு நாட்கள். தாளில் அவர் எழுதியிருப்பது ஒரே வரி: "அக்காவோட இருக்கிறது." துணைக்கு வரட்டோ என்று கேட்டேன். வழி தெரியும், தனியப் போவேன் என்று சிரித்தார்.

உங்கள் பயணங்களைப் பற்றியும் எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.